மூன்றாம் மணிக்குப் பின் வந்த வாத்துக்காரி

மனிதன் நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்ட நாளில்தான் நாகரிகம் பிறந்தது என்று படித்தவர்கள் சொல்வார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். நாகரிகம் பிறந்தது, ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே குளிரில் நின்றவனைப் பார்த்து, "நேரம் முடிஞ்சுபோச்சு, நாளைக்கு வா" என்று சொன்ன நாளில்தான். அந்த நாகரிகம் இன்றுவரை கொஞ்சமும் குறையாமல் நிலைத்திருக்கும் ஊர் ஒன்று இந்தப் பூமியில் உண்டென்றால், அது ஜெர்மனியில் ஸ்வாபிய நாட்டின் கான்ஸ்வைலர்தான். அந்த ஊரிலும் அதைத் தனியாளாகத் தாங்கி நின்றவர் ஒருவர் உண்டென்றால், அவர் ஹெர், அதாவது திருவாளர், ஓர்ட்வின் ரீகெர்ட்.

ஓர்ட்வின், கான்ஸ்வைலர் நகர நாடக அரங்கின் தலைமைக் கதவுக்காவலர். அவருக்குக் கீழே ஒருவரும் கிடையாது, ஆனாலும் தலைமை. ஆட்டம் தொடங்குமுன் முதல் மணி அடித்தால் ஊரார் கூடத்தில் குடித்துக்கொண்டிருக்கும் மதுவை அவசரமாக விழுங்குவார்கள். இரண்டாம் மணி அடித்தால் கழிப்பறை வரிசை கலையும். மூன்றாம் மணி அடித்தால் ஓர்ட்வின் அரங்கின் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பிவிடுவார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் கூடத்தில் உட்கார்ந்து கோட்டு மாட்டும் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு முறை மாநில அமைச்சர் ஒருவரே அப்படி உட்கார்ந்திருக்கிறார். பல்வைத்தியரிடமிருந்து தாமதமாக வந்த ஓர்ட்வினின் சொந்த மனைவி ரோஸ்வித்தாவும் உட்கார்ந்திருக்கிறாள். அன்று இரவு வீட்டில் ஓர்ட்வினுக்கும் கதவு திறக்கவில்லை என்பது குடும்ப விஷயம்; அதை இங்கே பேசவேண்டாம்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு குறைதான். அது அவருடைய பெயர்.

கான்ஸ்வைலரில் பிறந்த குழந்தைக்கு அம்மா என்ற சொல்லுக்கு அடுத்தபடியாகத் தெரிவது அடெல்குண்டின் கதை. அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு குளிர்காலம். வாத்து மேய்க்கும் பெண் அடெல்குண்ட், காட்டுக்குள் கொள்ளைக்காரர்கள் பதுங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஊரை எச்சரிக்க ஓடிவந்தாள். கோட்டைவாசலுக்கு வந்தபோது மாலை மணி அடித்து முடிந்திருந்தது. வாசல்காரன் திட்டிவாசல் வழியாக எட்டிப்பார்த்து, மணி அடித்தாகிவிட்டது, காலையில் வா என்று சொல்லிவிட்டான். அவள் போகவில்லை. வாசலுக்கு வெளியே நின்று இரவெல்லாம் தொண்டை கிழியப் பாடினாள். காட்டில் இருந்த கொள்ளைக்காரர்கள் அந்தப் பாட்டைக் கேட்டு, ஊர் விழித்திருக்கிறது, ஏதோ விருந்து நடக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார்கள். காலையில் வாசலைத் திறந்தபோது அவள் வாய் திறந்தபடி உறைந்து கிடந்தாள்.

ஊர் அழுதது. அவளுக்குக் கோயில் கட்டியது. பிறகு ஒரே குரலில் சொன்னது: எல்லாம் அந்த வாசல்காரன் செய்த வேலை. அவன் பெயர் ஊட்ஸ் ரீகெர்ட்.

வருடாவருடம் ஜனவரியில் அடெல்குண்ட் ஊர்வலம் நடக்கும். ஊட்ஸின் நீண்ட மூக்கு வைத்த மர முகமூடியை ஒருவன் மாட்டிக்கொண்டு நடப்பான். பிள்ளைகள் பனியை உருட்டி அவன்மேல் எறிவார்கள். முடிந்ததும் ஊர் முழுக்க உட்கார்ந்து வாத்து வறுவல் சாப்பிடும். ஒரு புனிதவதி உயிராக வளர்த்ததை அவளுடைய நினைவாகத் தின்பதில் உள்ள பக்தி வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. மற்ற நாட்களில் பிள்ளைகள் ஓர்ட்வின் வீட்டு அழைப்புமணியை அழுத்திவிட்டு, "ரீகெர்ட், கதவத் திற" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஓர்ட்வினின் அப்பா வீட்டிலும் இதே மரியாதைதான். தாத்தா வீட்டில் அழைப்புமணி இல்லை. ஜன்னலில் கல் விழுந்தது.

இதையெல்லாம் ஓர்ட்வின் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. பருப்பும், ஷ்பேட்ஸ்லே என்கிற முட்டைமாவுச் சேமியாவும் தட்டில் இருந்தன. ஒரே மகன் வைட், சேமிப்பு வங்கியில் வேலை பார்ப்பவன், மே மாதக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, கல்யாணத்துக்குப் பிறகு தன் பெயரை விட்டுவிட்டுப் பெண்ணின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான். பெண் வீட்டுப் பெயர் லெர்ஹ். அழகான பெயர், வானம்பாடி என்று அர்த்தம்.

ஓர்ட்வின் கரண்டியைக் கீழே வைத்தார். "ரீகெர்ட்டுங்கற பேருல என்னடா குறை?"

"அப்பா, கடன் கேட்டு வர்றவங்க என் பேர்ப் பலகையப் பாத்ததும் அடுத்த மேஜைக்குப் போயிடறாங்க. இவன் எங்க திறக்கப்போறான்னு காதுபடவே சொல்றாங்க."

"நீ கடன் குடுக்கறவன்தானே?"

"அதுதான் கொடுமை. நான் எல்லாருக்கும் குடுக்கறேன்."

ஓர்ட்வினுக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. தனக்குப் பிறகு கான்ஸ்வைலரில் ரீகெர்ட் என்று ஒருவரும் இருக்கப்போவதில்லை. இருந்த கடைசி ஆளும் அந்தப் பெயரை நனைந்த கோட்டைக் கழற்றுவதுபோல் கழற்றிப் போடப்போகிறான்.

இந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் கலை வந்தது.

அடெல்குண்ட் இறந்த அறுநூறாவது ஆண்டைக் கொண்டாட வேண்டும் என்று நகரமன்றம் தீர்மானித்தது. பக்கத்து ஊர் ஏற்கெனவே நவீன ஆப்பரா ஒன்றை நடத்திவிட்டது. அதில் எல்லோரும் படுத்துக்கொண்டே பாடினார்களாம். கான்ஸ்வைலர் சும்மா இருக்க முடியுமா? பெர்லினிலிருந்து டாங்க்மார் ஃபோல்ஸ் வரவழைக்கப்பட்டார். இசையும் அவரே, அரங்க அமைப்பும் அவரே, குழுவை நடத்துவதும் அவரே. வீட்டுக்குள்ளும் சிவப்புக் கழுத்துத் துணியைக் கழற்றாத மனிதர். அப்படிப்பட்டவர்களை ஓர்ட்வின் பார்த்தவுடனே நம்பமாட்டார். துணியைக் கழற்றினால்கூட நம்பமாட்டார்.

ஃபோல்ஸ் நகரமன்றத்தில் தன் படைப்பை விளக்கினார். இதில் மெட்டு இருக்காது என்றார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். பாட்டு இருக்கும், ஆனால் பாடப்படுவதை எதிர்க்கிற பாட்டு என்றார். இன்னும் பலமாகத் தலையாட்டினார்கள். பெரும்பகுதி மௌனம், ஏனென்றால் ஊரின் குற்றமே மௌனம்தான் என்றார். இந்த இடத்தில் மேயர், மிக ஆழ்ந்த யோசனைக்குப் பிறகு, இடைவேளையில் வாத்து வறுவல் உண்டா என்று கேட்டார். இடைவேளையே கிடையாது என்றார் ஃபோல்ஸ். அதிர்ச்சியில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அந்தப் பேச்சின்மை "ஒருமனதான ஒப்புதல்" என்று பதிவானது. தனக்குப் புரியவில்லை என்று சொல்லும் முதல் ஆளாக யாரும் இருக்க விரும்பவில்லை. கான்ஸ்வைலரில் எதிலும் முதல் ஆளாக எழுந்திருப்பது கெட்ட பழக்கம்.

மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் ஃபோல்ஸ் தானாகவே ஓர்ட்வினைத் தேடி வந்தார்.

"ஹெர் ரீகெர்ட், என் படைப்புல ஊட்ஸ் வேஷத்துக்குப் பாடகர் கிடையாது. நீங்கதான் ஊட்ஸ்."

"எனக்குப் பாட வராது."

"பாட வேண்டாம். அடெல்குண்ட் நிஜத் தெருவிலிருந்து, நிஜப் பனியிலிருந்து நடந்து வருவா. அரங்கத்தோட நிஜக் கதவத் தட்டுவா. ஊட்ஸோட நிஜ வாரிசு நீங்க, கதவத் திறப்பீங்க. அவ உள்ள வருவா. அறுநூறு வருஷத்துக்கப்புறம்."

"கதையில அவன் திறக்கலையே."

"கதையத் திருத்தத்தான கலை இருக்கு."

ஓர்ட்வின் அந்த வாக்கியத்தை நம்பவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே காட்சி அவர் கண்முன் வந்து நின்றது: ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, எல்லோருக்கும் முன்னால் ஒரு ரீகெர்ட் கதவைத் திறக்கிறான். மாலையில் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னார். வைட் எந்த நாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். பிறகு, அப்பா திறப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டால் பெயரை மாற்ற மாட்டேன் என்றான்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஓர்ட்வின் கவலைப்பட ஆரம்பித்தார். தெருவிலிருந்து வருகிறவள் எப்போது வருகிறாள்? ஆட்டம் தொடங்கிய பிறகு. அதாவது மூன்றாம் மணிக்குப் பிறகு. மூன்றாம் மணிக்குப் பிறகு கதவைத் திறக்கலாமா?

அவர் அரங்க மேலாளர் ஃப்ராவ் ஷொய்ஃபலேயிடம் முறைப்படி இதைக் கேட்டார். அந்த அம்மாள் முறைப்படி கூட்டம் கூட்டினார். பணியாளர் மன்றம் வந்தது, தீயணைப்புத் துறை வந்தது, கதவு திறந்தால் பனி உள்ளே வரும் என்பதால் துப்புரவுப் பிரிவும் வந்தது. அடெல்குண்டுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படிக் கொடுத்தால் நாளைக்குத் தாமதமாக வருகிற ஒவ்வொருவரும் நான்தான் அடெல்குண்ட் என்று சொல்ல மாட்டார்களா என்று இன்னொருவர் கேட்டார். இதன் ஆபத்தை எல்லோரும் உணர்ந்து சிறிது நேரம் நடுங்கினார்கள். கடைசியில் ஃப்ராவ் ஷொய்ஃபலே முகம் மலர, விதியே போதும், விதிவிலக்கு எதற்கு என்றார். அரங்க விதியில் தெளிவாக இருக்கிறது: தாமதமாக வருவோர் "இசையில் பொருத்தமான இடைவெளி வரும்போது" அனுமதிக்கப்படலாம். இடைவெளியில் தட்டினால் திறந்துவிட வேண்டியதுதானே. எல்லோரும் வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் முறுக்குரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

ஓர்ட்வின் நேராக ஃபோல்ஸிடம் போய், உங்கள் இசையில் இடைவெளி எங்கே வருகிறது என்று கேட்டார்.

ஃபோல்ஸின் முகம் கழுத்துத் துணியின் நிறத்துக்கு வந்தது. "என் இசையில இடைவெளியே கிடையாது."

"அவ தட்டும்போது எல்லாரும் சும்மாதான இருக்காங்க? வாத்தியக்காரங்க கையக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க."

"அது சும்மா இல்ல, ஹெர் ரீகெர்ட். அது மௌனம். நான் எழுதின மௌனம். ஒவ்வொரு நொடியும் இசை."

ஓர்ட்வின் மறுபடி ஃப்ராவ் ஷொய்ஃபலேயிடம் வந்தார். இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பது எழுதியவருக்குத்தானே தெரியும், அவர் சொல்வதே இறுதி என்றார் அந்த அம்மாள். ஆக, இடைவெளியில் திறக்கலாம், இடைவெளி கிடையாது. இரண்டுமே அதிகாரபூர்வமானவை.

ரோஸ்வித்தாவிடம் சொன்னதற்கு, அவள் கையிலிருந்த துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல், "ஏன் மனுஷா, அவ தட்டினாத் திற. இதுக்கு என்ன யோசனை?" என்று மட்டும் சொன்னாள். குடியிருப்பின் பொதுப் படிக்கட்டைக் கூட்டும் முறை அந்த வாரம் அவர்களுடையது; அவளுக்கு வேலை இருந்தது.

ஒத்திகையில் இந்தச் சிக்கல் ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். ஒத்திகைக்குப் பார்வையாளர் கிடையாது. பார்வையாளர் இல்லாவிட்டால் மணி அடிப்பதில்லை. மூன்றாம் மணி அடிக்காத இடத்தில் மூன்றாம் மணிக்குப் பிறகு என்று எதுவும் இல்லை. எனவே ஓர்ட்வின் ஒத்திகைதோறும் கதவைத் தாராளமாகத் திறந்தார்; மிக அழகாகத் திறந்தார். ஃபோல்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடெல்குண்டாகப் பாடிய பல்கேரியாக்காரி ராலிட்சா, இத்தனை வருடத்தில் இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்குக் கதவு திறந்ததில்லை என்றாள்.

திருநாள் வந்தது. ஊர் முழுக்கப் பெட்டியிலிருந்து நல்ல கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தது. வைட் தன் லெர்ஹ் பெண்ணோடு வந்து, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனான். மூன்று மணிகளும் அடித்தன. ஓர்ட்வின் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பிவிட்டு, கூடத்துப் பக்கமாகக் கதவோரம் நின்றுகொண்டார். உள்ளே ஏதோ தகரத்தைத் தரையில் இழுக்கும் ஓசை எழுந்தது. ஆப்பரா தொடங்கிவிட்டது என்று புரிந்துகொண்டார்.

நெடுநேரம் கழித்து, தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு ராலிட்சா வந்தாள். சாக்குத்துணிப் பாவாடை, வெறுங்கால், தலையில் நிஜப் பனி. பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தபோது ஒரு டாக்சிக்காரர் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். நேரே வந்து கதவை மூன்று முறை தட்டினாள். பிறகு ஓர்ட்வினைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஓர்ட்வின் அசையவில்லை.

"ஹெர் ரீகெர்ட்," என்றாள் மெதுவாக. "இப்ப நீங்க திறக்கணும்."

"தெரியும்மா. இடைவெளி வரட்டும்."

"உள்ள சத்தமே இல்லையே. இதுதான் என் இடம்."

"அது சத்தமில்லாம இருக்கறது இல்ல. மௌனம். அதுவும் இசைன்னு எழுதினவரே சொல்லிட்டார்."

உள்ளே திடீரென்று முரசு ஒன்று இடித்தது. தட்டியும் கதவு திறக்காததில் குழம்பிப்போன வாத்தியக்காரர் ஒருவர், தன் முறை வந்துவிட்டதாக நினைத்து அடித்த அடி அது.

"இப்ப?"

"இப்ப சத்தம். அது நிச்சயமா இசை."

"அப்ப எதுதான் இசை இல்ல?"

"அதத்தான் நானும் போன மாசத்துலருந்து கேட்டுட்டிருக்கேன். யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

ராலிட்சா கதவை இரண்டு கையாலும் இடித்தாள். பிறகு பாடினாள். அடெல்குண்டுக்காக எழுதப்பட்டதைத்தான் முதலில் பாடினாள். அது தீர்ந்ததும், அதே ராகமின்மையில், தன் தாய்மொழியில் ஃபோல்ஸையும் ஓர்ட்வினையும் கான்ஸ்வைலரையும் வரிசையாக வாழ்த்தினாள். மறுநாள் செய்தித்தாள் அந்தப் பகுதியை "மறைந்துபோன தொன்மை ஸ்வாபிய வழக்கின் உருக்கமான மீட்டெடுப்பு" என்று பாராட்டியது.

ஓர்ட்வினின் கை சாவிமேல் இருந்தது. உள்ளே வைட் உட்கார்ந்திருக்கிறான், பார்த்துக்கொண்டிருக்கிறான். திறந்துவிடலாம், நிச்சயமாகத் திறந்துவிடலாம் என்று அவர் சாவியைப் பாதி திருப்பியும் விட்டார். அந்த நொடியில் உள்ளே யாரோ தும்மினார்கள். உடனே அரங்கை நிறைத்திருந்த அறுநூறு பேரும் சேர்ந்து, "ஷ்ஷ்" என்றார்கள்.

இதைவிட என்ன சான்று வேண்டும்? தும்மியவனை அதட்டினால் உள்ளே இசை நடக்கிறது என்றுதானே பொருள். ஓர்ட்வின் சாவியைப் பழையபடி திருப்பினார். அவருக்கு அழுகை வந்தது. ஆனால் விதிப்படி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் ராலிட்சா ஓய்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தாள். ஓர்ட்வின் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஈரல் சாஸேஜ் வைத்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். பிறகு மீதியையும் கொடுத்தார்.

அவள் மென்றுகொண்டே கேட்டாள். "உங்க ஊட்ஸ் அவளுக்குக் கோட்டுக் குடுத்தாரா?"

"கதையில அப்படி இல்ல."

"ரொட்டி?"

"ரொட்டியும் இல்ல."

"பரவால்ல. அறுநூறு வருஷத்துல கொஞ்சம் முன்னேறித்தான் இருக்கீங்க."

உள்ளே நடந்ததை ஓர்ட்வின் பிறகுதான் கேட்டறிந்தார். ஃபோல்ஸ் கதவு திறப்பதற்காக இரு கைகளையும் உயர்த்தியவர், உயர்த்தியபடியே நின்றிருக்கிறார். கையை இறக்கினால் இடைவெளி வந்துவிடும். இடைவெளி கிடையாது என்று சொன்னவர் அவர். உறங்கும் ஊராக மேடையில் படுத்திருந்த பாட்டுக் குழுவினர் ஒருவர்பின் ஒருவராக நிஜமாகவே உறங்கிப்போனார்கள். பார்வையாளர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். வெளியே ஒரு பெண் கதவை இடித்து இடித்துக் கதறியது அவர்களை உலுக்கிவிட்டது. நகரமன்ற உறுப்பினர் ஒருவர் வாய்விட்டு அழுதார். அவருடைய மனைவி கைக்குட்டை கொடுத்தார். இவ்வளவு தத்ரூபமாக எப்படி ஒலி அமைத்தார்கள் என்று பின்வரிசையில் வியந்தார்கள்.

கடைசியில் ஃபோல்ஸின் கைகள் தாமாகவே விழுந்தன. யாரும் கைதட்டவில்லை. இதுவும் மௌனமாக இருக்கலாம். முதலில் கைதட்டி மாட்டிக்கொள்வது யார்? இன்னும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்திருப்பார்கள். ஆனால் மேயர் வயதானவர், கழிப்பறைக்குப் போக இடைவேளையும் இல்லை. அவர் எழுந்து, இருக்கைகளின் நடுவே வேகமாக நடந்து, தொந்தியால் கதவை ஒரு தள்ளு தள்ளினார். கதவு படக்கென்று திறந்து கூடத்துப் பக்கம் நின்ற ஓர்ட்வினின் மூக்கில் மோதியது. மேயர் நிற்பதைப் பார்த்த ஊர், எழுந்து நின்று பாராட்ட வேண்டும் போலிருக்கிறது என்று மொத்தமாக எழுந்தது. கைதட்டல் கூரையைத் தூக்கியது.

ஓர்ட்வின் மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தார். சாவி அவருடைய கையில்தான் இருந்தது. அவர் பூட்டிய பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவு மட்டும் அகலமாகத் திறந்து கிடந்தது. தீ விபத்துக்குப் பயந்து, உள்ளேயிருந்து யார் தள்ளினாலும் திறந்துகொள்ளும்படிதான் அந்தக் கதவைச் செய்திருந்தார்கள். இத்தனை வருடமும் அவர் வெளிப்பக்கத்தில் நின்றே பழகியவர். உள்பக்கத்தைப் பற்றி யோசித்ததே இல்லை.

கொண்டாட்டம் கூடத்திலேயே தொடங்கியது. நுரை மதுவும் பிரெட்ஸலும் சுற்றிவந்தன. ஃபோல்ஸ் வெகு சீக்கிரம் தேறிவிட்டார். கதவு திறக்க வேண்டும் என்றுதான் எழுதினேன், ஆனால் கதவு என்னைவிட ஆழமாகப் புரிந்துகொண்டது என்று செய்தியாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர்ட்வின் யாரையும் பார்க்காமல் மகனைத் தேடிப் போனார். வைட் கோட்டுக் கொக்கிகளுக்குப் பக்கத்தில் கையில் கடிக்காத பிரெட்ஸலோடு நின்றிருந்தான்.

"திறக்கலைடா," என்றார் ஓர்ட்வின். "மன்னிச்சுக்க. லெர்ஹ் நல்ல பேருதான்."

வைட்டின் முகம் சிவந்து கிடந்தது. "அப்பா, நான் எங்க உக்காந்திருந்தேன்னு தெரியுமா?"

"எங்க?"

"கதவுக்குப் பக்கத்து இருக்கை. அவ இடிச்சப்ப என் முழங்கையே அதிர்ந்துச்சு."

ஓர்ட்வின் அவனையே பார்த்தார். "நடிப்புன்னு நினைச்சியா?"

"முதல்ல நினைச்சேன். அப்புறம் நினைக்கல. உன் குரலும் கேட்டுச்சே. கைய நீட்டினா கதவு. ஆனா யாருமே எந்திரிக்கல. நான் மட்டும் எப்படி எந்திரிக்கறது? எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

அப்பாவும் மகனும் கொக்கிகளில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தார்கள். எல்லாம் நல்ல கம்பளிக் கோட்டுகள்.

அதற்குள் மேயர் ஒரு கரண்டியால் கோப்பையைத் தட்டிப் பேசத் தொடங்கிவிட்டார். இன்றைய வெற்றிக்கு எல்லாரையும்விட முக்கிய காரணம் ஒரு மனிதர் என்றார். தன் மூதாதை செய்த குற்றத்தை நம் எல்லோர் கண்முன்னும் மறுபடி செய்து காட்டி, நம்மையெல்லாம் அழவைத்த அந்த மாபெரும் கலைஞருக்கு நகரத்தின் மரியாதைச் சின்னமான வெள்ளி ஊசி அணிவிக்கப்படுகிறது என்றார். ஒரு ரீகெர்ட்டுக்குக் கான்ஸ்வைலர் மரியாதை செய்வது வரலாற்றிலேயே இதுதான் முதல் முறை. எல்லோரும் உருகிப்போய் அவருக்கு வழிவிட்டார்கள். ராலிட்சா, ஓர்ட்வினின் கோட்டைப் போர்த்தியபடி, விசில் அடித்தாள்.

மேயர் ஊசியை ஓர்ட்வினின் சட்டையில் குத்தினார். இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார். ஓர்ட்வின் வாழ்நாளில் கூட்டத்தில் பேசியதில்லை. வீங்கிய மூக்கோடு கூட்டத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஆப்பரா தெரியாது," என்றார். "நான் கதவுக்காரன். நான் திறக்கல; அது தப்பு. ஊட்ஸும் திறக்கல; அதுவும் தப்பு. அத அறுநூறு வருஷமா நீங்க சொல்லி நாங்க கேட்டாச்சு. ஆனா ஒண்ணு. அடெல்குண்ட் பாடினது காட்டுல இருந்த திருடனுக்கே கேட்டுச்சுன்னு சொல்றீங்க. அப்ப ஊருக்குள்ள இருந்தவங்களுக்கும் கேட்டிருக்கும். இன்னைக்கும் அறுநூறு பேருக்கும் கேட்டுச்சு. அந்தக் கதவ நான் வெளிய பூட்டினேன். உள்ள பூட்டே கிடையாது. ஒரு விரலால தள்ளியிருந்தாப் போதும். நீங்க அழுதீங்க."

மேயர் மெதுவாகச் சிரிக்க முயன்றார். ஃபோல்ஸ் எதையோ குறித்துக்கொண்டார்.

"என் மகன் மே மாசம் பேர மாத்தறதா இருந்தான்," என்றார் ஓர்ட்வின். "அவன் மாத்த வேண்டியதில்ல. நீங்க அறுநூறு பேரும் மாத்திக்குங்க. ரீகெர்ட்டுனு எழுதச் சொல்லுங்க. பதிவு ஆபீஸ் திங்கக்கிழமை உண்டு. போய், கதவு சாத்தியிருந்தா தட்டிட்டு நிக்காதீங்க. உங்க ஆளுங்கதான் உள்ள இருப்பாங்க; தட்டறது கேக்கும், எந்திரிக்க மாட்டாங்க."